ஒரு கோடு குறைகிறது

1
இந்தக் கதை எனக்குத் திருத்தணியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் கிடைத்தது. சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் பரிசோதனை அட்டையில் ஒரு கோட்டைத் தப்பாகப் படித்தாள். மீதி என் கற்பனை.

முதல் வரி: மலைமேல் மணி ஒலித்தபோது ஜெரால்ட் சிறுநீர்க் குப்பியுடன்—

வேண்டாம். மணியும் குப்பியும் ஒரே வாக்கியத்தில் வந்தால் நீங்கள் குறியீடு தேடுவீர்கள்.

2
ஜெரால்ட் லாரி ஓட்டுகிறான். கம்பெனி பஸ் ஓட்டும் வேலை ஏறக்குறைய கிடைத்துவிட்டது; போதைப்பொருள் பரிசோதனைதான் பாக்கி. கிடைத்தால் இரவில் வீட்டில் தூங்கலாம். (இது முக்கியம். அவனுக்கும் மனைவி பெர்சிஸுக்கும் இன்னும் குழந்தை இல்லை.)

ஊழியர் மோனிஷா சிறுநீரில் நனைத்த அட்டையை மேசையில் வைத்தாள். ஒவ்வொரு போதைக்கும் ஒரு கட்டம். எல்லாவற்றிலும் இரண்டு கோடுகள். கடைசியில் மட்டும் ஒன்று.

"இத்தினி ரெண்டு கோடும் உனக்கா பாவா?" என்றாள் பெர்சிஸ். "நான் மாசாமாசம் பாத்துகினு இருக்கேன், ஒரு வாட்டி கூட வரல."

"சும்மா இரு. அந்தப் பொண்ணு சிரிக்குது."

"கடைசில ஒரே கோடு. அதுல ஒண்ணும் இல்ல. வா, போலாம்."

"அக்கா, இது கர்ப்பம் பாக்குற அட்டை இல்லங்க," என்றாள் மோனிஷா. "இதுல ரெண்டு கோடுன்னாதான் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது மங்கலா இருந்தாலும் இல்லதான். வரவே இல்லன்னாதான் சந்தேகம்."

"இன்னா சந்தேகம்?"

"அபின் வகைங்க."

எழுதாமல் விட்டதைக் கொண்டு சேதி சொல்லும் அட்டை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

3
இங்கே நானும் ஜெரால்டைச் சந்தேகித்தேன். ஆந்திர எல்லைச் சாலை, தூங்கா இரவுகள். ஒருவேளை அவன்—

பெர்சிஸ் குறுக்கிட்டாள். "நேத்து கோழிக் கொழம்புக்குக் கசகசா அரைச்சேங்க. வேல கெடச்சமாரிதானேன்னு நெறையவே அரைச்சேன்."

"கசகசாவும் அபின் செடியோட விதைதாங்க, அதுவும் காட்டும். இது முடிவு இல்ல. சென்னைக்கு அனுப்பினா சரியான அளவு சொல்லுவாங்க."

"என் கொழம்பா அபினான்னு சொல்லுவாங்களா?"

"அளவுதான் சொல்லுவாங்க. எதனாலன்னு டாக்டர் இவரைக் கேட்டுத்தான் எழுதுவாங்க."

"கொஞ்சமா அரைச்சிருக்கலாம்," என்றான் ஜெரால்ட்.

"ஆங். சட்டிய வழிச்சுத் துன்னது யாரு?"

4
முடிவு அ: அளவு மிகக் குறைவு. வேலை கிடைக்கிறது. (கதைக்கு இது போதாது என்கிறார் என் நண்பர். அவர் இரவில் வீட்டில் தூங்குபவர்.)

முடிவு ஆ: அளவு மிக அதிகம். ஜெரால்ட் பெர்சிஸின் முகத்தைப் பார்க்காமல்—

அந்த வரியை அடித்துவிட்டேன்.

5
சென்னை அறிக்கை வந்துவிட்டது. அபினில் இருக்கும் மார்ஃபின் இருக்கிறது, அளவு குறைவுமில்லை, அதிகமுமில்லை. எண்ணுக்குக் குழம்பு தெரியாது. ஒரு மனிதர் கேட்டுத்தான் எழுத வேண்டும். நான் கேட்க மாட்டேன். எனக்கு அவர்களைப் பிடித்துப்போய்விட்டது.

டாக்டர் நீங்கள்தான். ஜெரால்ட் கதவருகே நிற்கிறான். உட்காரச் சொல்லுங்கள். பெர்சிஸ் வெளியிலேயே இருக்கட்டும். அவள் பேச ஆரம்பித்தால் நீங்களும் அறிக்கையைப் படிக்க மாட்டீர்கள்.