தடைக்காலத்தில் எடுத்த கணக்கு

"ஏளா அஸ்மா, அங்கன பாரு. கடல்ல ஒண்ணையும் மிச்சம் வைக்கல போல!"

இறால் வரத்தைப் பார்க்க வந்து, மீன் கம்பெனி வாசலில் நின்று பொன்செல்வி சிரித்தாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போன விசைப்படகுகள் அத்தனையும் சாயங்காலம் கரை திரும்பியிருந்தன. இறால் ஏற்றிய வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு உள்ளே வந்தன.

"இம்புட்டையும் உறைய வைக்கணும்னா எல்லா பிரீசரையும் ஓட்டணுமே," என்றாள் அஸ்மா.

"பின்னே? நாம அளந்தப்ப ஓடுன மாதிரி ஒத்தை மெஷின் போதுமாக்கும்? அப்பம் கடலையே மூடியில்லா வச்சிருந்தாவ."

அஸ்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு பேரும் எலெக்ட்ரிகல் பயிற்சிப் பிள்ளைகள். அஸ்மாவுக்குக் காயல்பட்டினம், வாப்பா துபாயில். பொன்செல்விக்குத் தருவைகுளம், அவள் அம்மா அற்புதமணி இதே கம்பெனியில் இறால் உரிக்கிறவள். தடைக்காலத்தில் கம்பெனி சும்மா கிடக்கும், உள்ளே விடுவார்கள் என்று பயிற்சி நிலையத்து லிங்கராஜ் சார் வருஷாவருஷம் அப்போதுதான் பிள்ளைகளை இங்கே கூட்டிவருவார். இந்த வருஷம் பொன்செல்வி கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டிப் பிடிக்க, அந்தக் கேபிள் எவ்வளவு தாங்கும் என்று அஸ்மா லோடு கணக்குப் போட்டாள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடாது என்று பாடத்தில் உள்ளபடி கொஞ்சம் கழித்தும் வைத்தாள். கணக்கு அத்தனை சுத்தமாக இருந்ததால் சார் அதிலேயே கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டார். அதை நம்பி, பழைய கேபிளிலேயே புதுசாக ஒரு பிரீசரை மாட்டியிருந்தார்கள்.

அன்றைக்குக் கடல் மூடியிருந்தது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அஸ்மா கரண்டு பேனல் ரூமுக்கு ஓடினாள். கேபிள் முனையில் அவளே பழகுவதற்காகப் பொருத்திய, சூட்டைக் காட்டும் சென்சாரின் எண் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. பேனல் கதவை அகலத் திறந்துபோட்டு, எதிரே ஒரு ஸ்டாண்டு ஃபேனைச் சுழலவிட்டிருந்தார் மேனேஜர் பாண்டித்துரை.

"அண்ணாச்சி, ரெண்டு பிரீசரையாவது நிறுத்துங்க. கேபிள் தாங்காது."

"ஏம்மா, இன்னிக்குத்தான் கடலம்மா கண்ணைத் தொறந்திருக்கா. நீ அவ கண்ணைப் பொத்தச் சொல்லுதியா?"

"இம்புட்டுக் கரண்டு இழுத்தா பிரேக்கர் தானா விழுந்திருக்கணுமே அண்ணாச்சி!"

"விழுந்துச்சு, விழுந்துச்சு. ஆளை விட்டு அது விழுத அளவைத் திருகிக் கூட்டி வச்சாச்சு. இனி விழாது."

அவர் எடை போடுகிற பக்கம் போய்விட்டார். அஸ்மா சாருக்குப் போன் போட்டாள்.

"கழிக்க வேண்டியதக் கழிச்சுத்தான கணக்கெடுத்த? அப்புறம் என்ன?"

"அளந்தது தடைக்காலத்துல சார்."

சாரின் குரல் தாழ்ந்தது. "யார்ட்டயும் வாயத் தொறக்காத. பேனலுக்கு நேரா ஒரு ஃபேனைத் திருப்பி வை. இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும். உன் சர்டிபிகேட்டு என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

பேனலிலிருந்து ஏறும் அந்தக் கேபிள் எங்கே போகிறது என்று அஸ்மா அண்ணாந்து பார்த்தாள். சுவரைத் துளைத்து, இறால் உரிக்கிற கொட்டகையின் கூரையடியில், மேஜை மேஜையாக நிற்கும் பெண்களின் தலைக்கு மேலேயே போனது. கொட்டகையின் பின்கதவில் பூட்டு; இறால் வெளியே போய்விடக்கூடாதென்று பாண்டித்துரை போடுவது. முன்கதவுப் பக்கமோ பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"ஏளா, பிளாஸ்டிக் கருகுத வாடை வருது," என்று பொன்செல்வி வந்து நின்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மை உள்ளதான் நிக்கா."

அஸ்மா பிரேக்கரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

கொட்டகை இருண்டது. கம்ப்ரசர்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின.

"எந்த மூதேவி கரண்டைப் புடுங்குனது?"

"கத்தி கையில இருக்குளா, யாரும் அசையாதீங்க!"

ஏச்சும் சிரிப்பும் ஓய்ந்த இடத்தில், மேலேயிருந்து ஏதோ சொட்டியது. ஐஸ்மேல் பட்டுச் சுர்ரென்றது. இன்னொன்று சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால், கூரையடிக் கேபிளில் ஒரு சிவப்புக் கனல் புள்ளி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"மாதாவே!" என்றாள் அற்புதமணி. அடுத்த நொடி அவள் குரல் கொட்டகையையே உலுக்கியது. "ஏலே பாண்டி! சாவி எங்கலே?"

அண்ணாச்சி என்று அல்லாமல் அவரை அவள் கூப்பிட்டதே இல்லை. எடை போடுகிற பக்கத்திலிருந்து அவர் உடனே சாவியை உள்ளே எறிந்தார். பின்கதவு திறந்தது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உப்புக்காற்றுக்குள் இறங்கினார்கள். பொன்செல்வி வெளியே நின்று தலைகளைப் பார்த்துப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் இருந்தார்கள்.

கூரையின் சிவப்பு அணைந்தபோது பாண்டித்துரை டார்ச்சோடு பேனல் ரூமுக்கு வந்தார்.

"அவிஞ்சிட்டுல்லா? ஆளுகளும் வெளிய போயாச்சு. நவுரு, போட்டுவிடுவோம். இறாலு கறுத்துரும்."

அஸ்மா பிரேக்கரை முதுகால் மறைத்து நின்றாள். "போடக்கூடாது அண்ணாச்சி. தப்புக் கணக்கு. நான் போட்டதுதான். எழுதித் தாரேன்."

"எழுதித் தந்தா லிங்கராஜ் உன்னை என்ன செய்வான்னு தெரியும்லா?"

"தெரியும்."

அவள் கையில் போன் அதிர்ந்தது. சார்தான். அவள் எடுக்கவில்லை. வெளியே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. பாண்டித்துரை டார்ச்சை அவள் முகத்துக்கு நேரே பிடித்தபடி, கதவை உள்பக்கமாகச் சாத்தினார். அஸ்மா பிரேக்கரை விட்டு நகரவில்லை.