நட்சத்திரம் போட்ட வரிகள்

எனக்கு ஷைலஜாவைக் கண்டாலே ஆகாது. பாறசாலையில் ஒரு மாடியில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் நான் மூன்று வருட வாத்தியார். அவள் வந்து ஆறே மாதம். ஆனால் ஓனர் ஈசாக் சாரின் வாயில் எந்நேரமும் அவள் பேர்தான். ஞானஸ்நானப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று சபையிலிருந்து கேட்டபோதும் வேலையை அவளுக்கே கொடுத்தார். "எலே விஜயதாஸே, அந்தப் பிள்ளைய கண்டு படி" என்று என்னிடம் ஒரு உபதேசம் வேறு!

அவள் எழுதிய புரோகிராமில் 1896-இல் ஞானஸ்நானம் பெற்றவர்களெல்லாம் 1996-இல் பெற்றதாக வந்தார்கள். நான்தான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்தேன். "தேங்க்ஸ் அண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். புரோகிராமின் உச்சியில், நட்சத்திரக் குறி போட்ட முதல் வரி: காப்பிரைட் 1996, ஆர். ஷைலஜா. அப்படிக் குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. மனிதர்கள் படிக்கத்தான் அது. அந்த வரியில் என் பேர் இல்லை. சபைக்கு ட்யூப்லைட் கொடுத்துவிட்டு, அதன் மேலேயே 'அன்பளிப்பு' என்று பேரை எழுதி வெளிச்சத்தை மறைப்பவர்கள் உண்டே, இவளும் அந்த ரகம்தான். மிச்சத்தைப் படிக்கப் பிடிக்காமல் நகர்ந்துவிட்டேன்.

அந்த வாரம் ஈசாக் சார் ஒரு செய்தி சொன்னார். திருவனந்தபுரத்தில் சபைத் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்குகிறார்களாம். ஆள் எடுக்க அங்கிருந்து சுந்தரதாஸ் சார் சனிக்கிழமை வருகிறாராம், பதிவேட்டையும் பார்ப்பாராம். அந்த வேலை எனக்கு வேண்டும். இருபத்தெட்டு வயதாகியும் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தால் உருப்பட்ட மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷைலஜா சாப்பிட வீட்டுக்குப் போனாள். ஈசாக் சார் நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தார். நான் பன்னிரண்டு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். அவளுடைய புரோகிராமின் பதினான்கு ஃபைலிலும் நட்சத்திரம் போட்ட வரிகள் எல்லாவற்றையும் அழிப்பதுதான் அதன் வேலை. ஓட்டினேன், நொடியில் முடிந்தது. பதிவேட்டுப் புரோகிராம் முன்பு போலவே ஓடியது. அன்று மரச்சீனிக் கிழங்கும் மீனும் இரண்டு மடங்கு தின்றேன்.

மறுநாள் சுந்தரதாஸ் சார் முதல் ஃபைலைத் திறந்தார். "எழுதினவங்க பேரொண்ணும் இல்லியே?"

ஷைலஜா திரைக்குக் கிட்டே குனிந்தாள். "உண்டு சார். எல்லா ஃபைல்லயும் போட்டதாக்கும்."

"மறந்திருப்பா சார், புதுசு இல்லியா?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

அவள் பையிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட்டை எடுத்து நீட்டினாள். போதகர் பார்ப்பதற்காகப் போன வாரம் எடுத்தது. சுந்தரதாஸ் சார் அதை உரக்கப் படித்தார்.

"காப்பிரைட் 1996, ஆர். ஷைலஜா. காப்பிரைட் 1996, எம். விஜயதாஸ். எந்தச் சபையும் இதை இலவசமாகப் பயன்படுத்தலாம். இந்தப் பேர்களை நீக்கக் கூடாது. பழைய வருடங்களைச் சரிசெய்யும் பகுதி முழுவதும் விஜயதாஸ் எழுதியது."

எட்டிப் பார்த்தேன்: இரண்டாவது வரியில் என் பேர்தான்.

"ஆரு விஜயதாஸ், நீயா?" என்று அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எங்க ரிஜிஸ்டர் எல்லாம் பழைய காலத்துள்ளது. அப்போ ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவலாம்."

ஈசாக் சாருக்குத்தான் கோபம் அடங்கவில்லை. "அப்போ இத அழிச்சது ஆருலே?" என்று கீபோர்டை இழுத்து ஃபைல் பட்டியலை வரவழைத்தார். பதினான்குக்கும் எதிரே ஒரே தேதி, ஒரே நேரம்: வெள்ளிக்கிழமை, 1.20.

"கையால அழிச்சா ஒரு மணிக்கூர் ஆவும்" என்றார் சுந்தரதாஸ் சார். "ஆரோ இதுக்குன்னே புரோகிராம் எழுதியிருக்கான்."

ஷைலஜா என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"அண்ணன விட்டா இங்க வேற ஆருக்கு சார் அது எழுதத் தெரியும்?"

சுந்தரதாஸ் சார் பேனாவைத் திறந்தார். அவளிடம் மட்டும் விலாசம் கேட்டார்.