அடக்கிப் பிடித்தவள்

நடவுக்காலம் வந்தால் அம்சத்துக்கு நிம்மதி. முழங்கால் சேற்றில் நிற்கிறவளின் சேலை எதனால் நனைந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? அறுவடைதான் எமன். நெற்கதிர்க் கட்டைத் தலைக்குத் தூக்கினால், இருமினால், ஏன், சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்துவிடும். மூன்றாவது பிள்ளை பிறந்து தீட்டுக் கழியுமுன் வயலில் இறங்கியதற்குக் கிடைத்த பரிசு. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். பஸ் ஏறுவதை நிறுத்தினாள். புருஷன் வீரையனிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் கீழ்வேளூரிலிருந்து வரும் நர்ஸம்மா மங்களாம்பிகையிடம் சொல்லி அழுதாள்.

"இதுக்கா இவ்வளவு நாளா வாயக் கட்டிக்கிட்டு கெடந்தே? ஒண்ணுக்கு வந்தா அடக்குவோம்ல, அந்த மாதிரி உள்ளார இழுத்துப் புடி. கொஞ்ச நேரம் வெச்சிருந்து விட்டுடு. திரும்பவும் புடி. தெனமும் செஞ்சா மெல்ல மெல்லக் கட்டுக்கு வரும்."

"சரிங்கம்மா" என்றாள் அம்சம். ஆனால் 'புடி' மட்டும்தான் மனதில் ஏறியது, 'விடு' ஏறவில்லை. அடக்க அடக்கப் பலம் வரும் என்று நம்பினாள். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் அடக்கியே பழகிய ஜென்மத்துக்கு வேறென்ன தோன்றும்?

அந்த அறுவடையில் கூலித் தகராறு முற்றியது. சுவரில் உதயசூரியன் போய் இரட்டை இலை வந்துவிட்டது. கூலி நெல் மட்டும் ஏறவில்லை. மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களை வயலில் இறங்கவிடாமல் தடுக்க, விவசாயக் கூலிகள் சங்கம் பெண்களை வரப்பில் கைகோர்த்து உட்கார வைத்தது. அம்சத்துக்கு நடு இடம். பக்கத்தில் உயிர்ச் சிநேகிதி ராமாயி.

மற்றவர்கள் முறை வைத்துப் புதர்ப்பக்கம் போய் வந்தார்கள். அம்சம் அசையவில்லை. இதுவும் பயிற்சிதான் என்று பல்லைக் கடித்து உச்சிவெயில்வரை அடக்கினாள். போலீஸ் வேன் வந்து நின்றது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான், மடை உடைந்த மாதிரி ஆயிற்று. காய்ந்த வரப்பு மண் நனைந்து கறுத்தது. கோர்த்த கையை உதறிவிட்டு ஓடி வாய்க்காலில் குதித்தாள்.

அவள் ஓடுவதைக் கண்டு இன்னும் சிலர் எழுந்தார்கள். அந்த இடைவெளியில் அரிவாளோடு வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கினார்கள். தள்ளுமுள்ளில் ராமாயியின் கை முறிந்தது. போராட்டம் அன்றைக்கே முடிந்தது.

ஊர் முதுகுக்குப் பின்னால் பேசியது. ராமாயிதான் கட்டுப் போட்ட கையோடு நேரில் வந்தாள்.

"மிராசு ஊட்டுக்கு வெல போயிட்டேங்கிறாங்கடி. இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஏன் ஓடுனேன்னு சொல்லு. நான் நம்புறேன்."

அம்சம் வாயைத் திறந்தாள். துரோகி என்ற பேரைக்கூடத் தாங்கலாம், இதை எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டாள். ராமாயி திரும்பிப் போய்விட்டாள்.

"அடக்கிக்கிட்டே இருக்கவா சொன்னேன்? விடணும்னும் சொன்னேனேடி, பாவி!" என்று, அம்சம் நடந்ததைச் சொன்னதும் நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். இந்தத் தடவை அம்சம் சரியாகச் செய்தாள். உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்டது.

வைகாசியில் உள்ளூர்க் கோவிந்தராசு வீட்டுக் கல்யாணம். பல வருஷத்துக்குப் பிறகு அம்சம் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, பயமில்லாமல் பந்தியில் உட்கார்ந்தாள். இருமல் வந்தது, சேலை நனையவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் இலை போட்டிருந்தது. பந்தி முடியும்வரை அங்கே யாரும் வந்து உட்காரவில்லை.