மூன்று மணிக்கு மூடும் டெண்டர்

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்கு ரெஜிலாவின் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. டெண்டர் தளம் திறக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திரையும் நாலு வரி இங்கிலீஷும்தான் வந்தன. மூன்று மணிக்கு டெண்டர் மூடிவிடும்.

பக்கத்து நாற்காலியில் லீலாபாய் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலக வளாகத்தில் ஆறு வருஷமாகக் கான்டீன் நடத்தும் ஏழு பெண்களுக்கு அவள்தான் தலைவி. ரெஜிலா அவர்களில் இளையவள், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். இந்த முறை டெண்டர் கைவிட்டுப் போனால் அடுத்த மாதம் முதல் ஏழு பேரும் அடுப்பையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான பாறசாலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். நாலு வீடுகளில் வேறு சம்பாத்தியமே கிடையாது.

இவ்வளவு நேரம் என்ன பண்ணினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டுமென்றே காத்திருந்தார்கள். மத்தியான ஊணுக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் என்ன விலை போட்டிருக்கிறோம் என்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது, கடைசி ஒரு மணி நேரத்தில்தான் ஏற்ற வேண்டும் என்பது லீலாபாயின் சட்டம். இந்தப் பக்கத்தில் டெண்டர் போடுகிற எல்லோருக்குமே அதுதான் சட்டம். தளம் விலையைப் பூட்டி வைத்துத்தான் வாங்குகிறது, திறக்கும் நாள்வரை யாரும் பார்க்க முடியாது என்று ரெஜிலா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்?

"பிள்ளே, உதியன்குளங்கரைக்கு ஒரு ஆட்டோ பிடிப்போமா? அங்க கம்ப்யூட்டர் சென்டர் உண்டே" என்றாள் லீலாபாய்.

"அக்கா, உங்க டிஜிட்டல் கையெழுத்து இந்த யூ.எஸ்.பி. குச்சிக்குள்ளயாக்கும் கெடக்கு. இது வேல செய்யதுக்கு உள்ளதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் ஏத்தி வச்சிருக்கு. வேற எடத்துல ஏத்தணுமெங்கி ஒரு மணிக்கூறு வேணும்."

ஏற்றி வைத்தது ரெஜிலாவின் புருஷன் நிபின். ஷார்ஜாவுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் சரிசெய்து, என்ன செய்ய வேண்டும் என்று மலையாளத்தில் ஒரு தாள் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனான். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸுக்குள் டி.எல்.எஸ். 1.0 என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும், 1.1, 1.2 இரண்டிலும் டிக் இருக்கவே கூடாது. இதைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தான். பாறசாலை முதல் செங்கல் கிராமம் வரை இந்த மாதிரிக் குச்சியை வைத்து டெண்டர் போடும் பெண்கள் அத்தனை பேரிடமும் அந்தத் தாளின் நகல் உண்டு. அவர்களுக்கு அது வேதம்.

ரெஜிலா நிபினைக் கூப்பிட்டாள். அங்கே அவனுக்குச் சாப்பாட்டு நேரம்.

"தாள்ல உள்ளத அப்படியே செய்தியா?"

"செய்தேன். திறக்கல்ல. 1.2 போடச் செல்லி திரையில வருது."

"அதத் தொடாதே ரெஜி! அதப் போட்டா பொறவு கையெழுத்து விழாது. நான் ராத்திரி ரூமுக்கு வந்து இங்கயிருந்தே ரிமோட்ல பாக்கேன்."

"மூணு மணிக்கு மூடிருவாங்க! ராத்திரி பாத்து என்னத்துக்கு?"

"தெரியாத எடத்துல கைய வைக்காதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மூன்று வருஷமாக இதே பாட்டு. கைவைக்காமலே இருந்தால் எப்படித் தெரியும் என்று ரெஜிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி இரண்டு இருபத்தைந்து. அவள் அந்த நாலு வரியையும் முதல் தடவையாக நிதானமாகப் படித்தாள். கம்ப்யூட்டரும் தளமும் பேசிக்கொள்வதை நடுவில் எவனும் ஒட்டுக்கேட்காமலிருக்க அவற்றுக்குள் ஒரு ரகசியப் பேச்சு உண்டு. 1.0 என்பது பழைய பேச்சு, அதைக் கள்ளர்களும் படித்துவிட்டார்கள். இந்த வாரத்திலிருந்து தளம் புதிய பேச்சுக்கு மட்டும்தான் காது கொடுக்கிறது. அந்தப் புதிய பேச்சின் வாயைத்தான் நிபினின் தாள் அடைத்து வைத்திருந்தது. அவன் எழுதிய காலத்தில் அது சரி. இன்று அதே தாள் கழுத்தைப் பிடிக்கிறது.

"கர்த்தாவே" என்று முனகிக்கொண்டு 1.2-இல் டிக் போட்டாள். 1.0-இல் இருந்ததை எடுத்தாள். சேமித்து, எல்லாவற்றையும் மூடித் திரும்பத் திறந்தாள். 

தளம் திறந்தது. குச்சியைக் கேட்டது. குச்சியும் விழித்துக்கொண்டது.

லீலாபாய் அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள், சந்தோஷத்தில்தான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. செங்கல் ஷைலஜா. இதே கான்டீனுக்குப் போட்டியாக டெண்டர் போடும் ஒரே குழுவின் தலைவி. ரோட்டை அகலப்படுத்தியபோது அவளுடைய சாயாக்கடை போயிற்று. அவளை நம்பி ஐந்து பெண்கள். அவள் கம்ப்யூட்டரையும் நிபின்தான் சரிசெய்து கொடுத்திருந்தான்.

"ரெஜி, உனக்குத் திறக்குதா மக்கா? இங்க வெள்ளையா நிக்குது."

லீலாபாய் ரெஜிலாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

"இல்ல சேச்சி" என்றாள் ரெஜிலா. "இங்கயும் திறக்கல்ல."

"அப்ப தளத்துக்க கோளாறாக்கும். நாள் நீட்டித் தருவாங்க. சமாதானமாச்சு, நான் பயந்தே போனேன்."

ஒரு பொய் சொன்னால் வாய் கசக்கும் என்பார்கள். ரெஜிலாவுக்குக் கசக்கவில்லை, வேலை தலைக்கு மேல் கிடந்தது. விலைப் பட்டியலை ஏற்றினாள், கையெழுத்துப் போட்டாள். தளம் குச்சிக்குரிய ரகசிய நம்பரைக் கேட்டது. மூன்று தடவை தப்பினால் குச்சி பூட்டிக்கொள்ளும். முதல் தடவை அவசரத்தில் ஓர் எண் மாறித் தப்பிற்று. இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது. இரண்டு நாற்பத்தாறுக்கு ரசீது வந்தது.

"ஸ்தோத்திரம்!" என்று லீலாபாய் கண்ணைத் துடைத்தாள்.

ரெஜிலாவுக்கு இப்போதுதான் அந்தப் போன் ஞாபகம் வந்தது. சமாதானமாச்சு என்றாளே ஷைலஜா. தன் பேச்சை நம்பி அவள் இந்நேரம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்திருப்பாள். ரெஜிலா போனை எடுத்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா?" லீலாபாய் பாய்ந்து வந்தாள். "அவ நம்மளவிடக் கொறச்சுப் போட்டிருந்தா? ஏழு குடும்பம்டீ!"

"அங்கயும் அஞ்சு குடும்பம் உண்டு."

இரண்டாவது அழைப்பில்தான் ஷைலஜா எடுத்தாள். மணி இரண்டு ஐம்பத்தொன்று.

"சேச்சி, சீக்கிரம். 1.2 இருக்க கட்டத்துல டிக் போடுங்க, 1.0-ல உள்ளத எடுங்க. எல்லாத்தையும் மூடித் திறங்க. உடனே வரும்."



"அப்ப உனக்குத் திறந்துச்சா?"

"திறந்துச்சு."

"எப்ப?"

"அத விடுங்க சேச்சி, முதல்ல டிக் போடுங்க."

"உனக்க மாப்பிள்ள சிவப்பு மையில போடாதேன்னு எழுதித் தந்திருக்கான். நீ போடுன்னு செல்லுற. போட்டா கையெழுத்து விழாதுன்னு எனக்கு அறியாதா? மக்கா, இப்ப நான் உன்ன எப்படி நம்ப?"

"சேச்சி, சத்தியமா..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ரெஜிலா தன் திரையை அப்படியே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அதற்கு மேல் என்ன செய்வது? செங்கலுக்கு ஓடினாலும் கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு நிமிஷமும் திரையின் மூலையில் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வந்தது, தன்மேல் வந்த கோபத்தில் அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

மூன்று மணிக்குத் தளம் டெண்டரை மூடியது. லீலாபாய் மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நாலு நிமிஷத்துக்கு ஷைலஜாவின் குரல் பதிவு வந்தது. ரெஜிலா போனைக் காதோடு ஒட்டிக் கேட்டாள்.

"மக்கா, கடைசியில நீ செல்லினத செய்து பாத்தேன். திறந்துது. அப்ப மணி மூணு ஒண்ணு. முதல்ல உன்ன நம்பினேன், பொறவு நம்பல்ல. ரெண்டும் எனக்க தப்பாக்கும். வைக்கேன்."

"என்னவாம்?" என்றாள் லீலாபாய்.

ரெஜிலா போனைக் கவிழ்த்து வைத்தாள். "கான்டீன் நமக்குத்தான்னு செல்லுறா" என்றாள்.