மைனஸ் நாற்பத்திரண்டு கிலோ விறகு

திங்கட்கிழமை காலையில் மாரியாத்தாள் அக்கா வீட்டு விறகு பதினாலு கிலோ இருநூறு கிராம் இருந்தது. கொக்கி வைத்த தராசில் நானே தூக்கிப் பார்த்து, சிவப்பு ரிப்பன் கட்டி, டேப்லெட்டில் பதிந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அதே விறகு பதினைந்து கிலோ அறுநூறு கிராம் இருந்தது. இடையில் அந்த வீட்டில் சோறாகியிருந்தது, குழம்பு கொதித்திருந்தது, நான்கு பேர் வெந்நீரில் குளித்திருந்தார்கள்.

தராசின் பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் பதினைந்து அறுநூறுதான்.

நாட்டில் ஒரு வீடு ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு எரிக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். கரண்டுக்கு மீட்டர் இருக்கிறது, கேஸுக்கு பில் இருக்கிறது, விறகுக்கு ஒன்றுமே இல்லை. அது தெரியாமல் அடுத்த பத்து வருடத்துக்கு எந்தத் திட்டமும் போட முடியாது என்று கோயமுத்தூரில் நடந்த பயிற்சியில் கிருபாசங்கர் சார் சொன்னார். அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். "நீங்க எடை போடற ஒவ்வொரு கட்டையும் டெல்லிக்குப் போகுது" என்றார். லாரி எங்கிருந்து வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெறும் கணக்குதான் போகும் என்பது சாப்பாட்டு இடைவேளையில்தான் புரிந்தது.

எனக்கு டெல்லியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. என் கவலையெல்லாம் காங்கேயத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் மாமா பாலுசாமி துணிக்கடை வைத்திருக்கிறார். பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் என்னைக் கடை வாசலில் நிறுத்தி, கையில் மைக் கொடுத்து, "வாங்கக்கா, வாங்கம்மா, நைட்டி புது டிசைன் வந்திருக்குது" என்று நாள் முழுக்கக் கூப்பிட வைப்பது அவர் திட்டம். நான் பஸ்ஸில் போனால் இறங்குகிற இடம் வந்தாலும் விசிலடிக்கச் சொல்ல மாட்டேன். வேறு யாராவது இறங்கினால் இறங்குவேன், இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்ட என்னிடம் மைக்.

இந்தக் கணக்கெடுப்பு வேலையில் பேச வேண்டியது டேப்லெட்டில் எழுதியிருக்கும். படித்தால் போதும். நல்லிக்காட்டுப்புதூரில் பத்து வீடு, சனிக்கிழமைக்குள் சரியாக முடித்துக் கொடுத்தால், வருடம் முழுக்க வெள்ளகோவில் பக்கத்து ஊர்களெல்லாம் எனக்கு. முடிக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை நைட்டி.

"அக்கா, வெறகு எச்சாயிருக்குதுங்க" என்றேன்.

மாரியாத்தாள் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு உடைக்கப் போகிறவர். முகம் மலர்ந்தது. "கொறைலயே? அது போதுங்க கண்ணு."

"சமைக்கலீங்களா?"

"சமைக்காம? நீங்க எடை போட்டு, ரிப்பன் கட்டி வெச்சுட்டுப் போனதுல நாங்க கை வெப்பமா? ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில வேற கெடக்குது, அதுல செஞ்சுபோட்டேன்."

"எடை எப்படிங்க ஏறுச்சு?"

"வெயில்ல காஞ்சு கொறஞ்சு போயிருச்சுன்னா? அந்தப் புள்ள நம்பி வெச்சுட்டுப் போச்சு, எடுத்துப்போட்டாங்கன்னு பேராயிருமல்ல. அதான் மேல நாலு கட்டை போட்டு வெச்சேன்."

முதல் நாள் டேப்லெட்டில் இருந்ததை நான் படித்துக் காட்டியிருந்தேன். 'அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்திற்கு இந்த எடையிடப்பட்ட குவியலிலிருந்து மட்டுமே எரிபொருளைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில் படித்தேன். எல்லா வீட்டிலும் "சரிங்க கண்ணு" என்றார்கள். எது சரி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது காளிச்சாமி அண்ணன் வீடு. களத்துக்குத் தேங்காய் ஏற்றும் டெம்போ ஒன்று ஓட்டுகிறார். இருபது கிலோ இருந்த விறகு இருபத்தொன்பது ஆகியிருந்தது. அதோடு விறகே மாறியிருந்தது. முதல் நாள் வேலியில் வெட்டிய கருவேல முள். இப்போது தோலுரித்த மாதிரி வழவழவென்று வெள்வேலங்கட்டை, ஒரே நீளத்தில்.

"ஏனுங்க அம்மணி, கெவருமெண்டு பார்க்கப்போவுது, போயும் போயும் முள்ளையா காட்டறது?" என்றார். "டெம்போ எடுத்துட்டுப் போய் எங்க மச்சான் தோட்டத்துல இருந்து கொண்டாந்தேன். போட்டோ புடிச்சுக்குங்க."

நான் போட்டோ பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது.

பத்து வீட்டையும் கூட்டினால் மைனஸ் நாற்பத்திரண்டு கிலோ வந்தது. டேப்லெட் சிவப்பாகி, 'மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழ் இருக்கக் கூடாது' என்றது. கிருபாசங்கர் சாருக்குப் போன் செய்தேன்.

"லோகப்பிரியா, என்னங்க இது? இந்தப் பத்து வீடும் மாவட்டத்துல நாப்பதாயிரம் வீட்டுக்குச் சமம். உங்க கணக்கைப் பெருக்கினா, ஒரு மரம்கூட வெட்டாம தெனமும் நூத்தி அறுபத்தெட்டு டன் விறகு உற்பத்தியாகுது. அடுப்பில இருந்து!"

"ஆமாங்க சார்."

"என்ன ஆமாங்க சார்? மறுபடியும் எடை போடுங்க. வாயைத் தொறந்து சொல்லுங்க. எரிக்கச் சொல்லுங்க."

அன்றைக்கே பத்து வீட்டுக்கும் திரும்பப் போனேன். புதிதாக எடை போட்டு, டேப்லெட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, என் சொந்த வாயால் சொன்னேன்: "இதைத்தானுங்க எரிக்கோணும். எடுத்து எரிச்சுப்போடுங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாரியாத்தாள் அக்கா, "இதைய நேத்தே சொல்லியிருந்தா ஆச்சு" என்றார்.

புதன்கிழமை காலை போனேன். விறகு இருந்த இடம் பெருக்கித் தெளித்திருந்தது. அக்கா ரிப்பனை மட்டும் மடித்துக் கையில் கொடுத்தார்.

"எல்லாம் எரிச்சாச்சுங்க கண்ணு. இதைய மட்டும் எரிக்கலை, உங்களதாச்சே."

"எல்லாமேங்களா? பதினஞ்சு கிலோவுங்களா?"

"ஆமாங்க. பொழுது எறங்கறதுக்குள்ளயே சமையல் முடிஞ்சுபோச்சு, பாதி வெறகு மிச்சம். நீங்க எரிச்சுப்போடுங்கன்னு சொல்லியிருக்கீங்க. அப்பறம் ரெண்டு அண்டாத் தண்ணி காய வெச்சு, தெருவுல இருக்கறவங்களையெல்லாம் கூப்பிட்டுக் குளிக்கச் சொன்னேன். அவங்களும் அவங்க ஊட்டுல தண்ணி காய வெச்சுட்டு என்னையக் கூப்பிடறாங்க. நான் நேத்து மூணு தடவை குளிச்சேனுங்க."

காளிச்சாமி அண்ணனுக்கு முப்பது கிலோ. எருமைக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியிருக்கிறார். "பால் எச்சா ஊத்தும்னு பார்த்தேன் அம்மணி, வெடுக்குனு ஒதைச்சுப்போட்டுது" என்று முழங்காலைக் காட்டினார்.

பத்து வீட்டிலும் மிச்சம் பூஜ்யம். டேப்லெட் மறுபடி சிவப்பாகி, ஒரு வீடு ஒரு நாளில் இவ்வளவு எரிக்க முடியாது என்றது. கிருபாசங்கர் சார் போனில் ஒவ்வொரு வீட்டு எடையையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொத நாளையும் ரெண்டாம் நாளையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒரு வீட்டுக்கு எவ்வளவு வருது?" என்றார். ஏழு கிலோ சொச்சம் வந்தது. "அட, பரவால்லையே! ஆபீஸ்ல எங்க மதிப்பீடே ஏழுதான். அதையே போட்டுருங்க."

ஏழு என்று போட்டால் டேப்லெட் பச்சையாகிவிடும், நைட்டியும் இல்லை. விரலை வைக்கப் போனேன். அக்கா மூன்று தடவை குளித்ததும் எருமை உதைத்ததும் அந்த ஏழுக்குள் இருப்பதாகத் தோன்றியது. அது டெல்லி வரைக்கும் போகும். "நாளைக்குப் போடறேனுங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வியாழக்கிழமை தராசைக் கொண்டு போகவில்லை. விடியற்காலை மாரியாத்தாள் அக்கா அடுப்பங்கரையில், மாவு டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "சித்த உக்காந்துக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். அக்கா பலகை கொடுத்தார், டீ கொடுத்தார், கால் மணி நேரம் என்னைப் பற்றி விசாரித்தார். எனக்குப் பதில் சொல்ல அதிகம் இல்லை. அரை மணி நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டார். மகளோடு போனில் சண்டை போட்டார். அவர் வீட்டுக்காரர் துண்டோடு வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி உப்பு எடுத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் பார்த்தேன். அக்கா பொடக்காளிக்குப் போய் ஒரு கூடை தேங்காய்த் தொட்டியும் நாலு தென்னை மட்டையும் கொண்டுவந்தார். கொட்டாங்குச்சியை எங்கள் பக்கம் தொட்டி என்போம். சோறு தொட்டியில் வெந்தது, குழம்பு தொட்டியில் கொதித்தது, குளிக்கத் தண்ணீர் மட்டையில் காய்ந்தது. பின்னால் இன்னொரு அடுக்கு விறகு இருந்தது. அதன் மேல் ஒரு கோழி படுத்திருந்தது. யாரும் அதை எழுப்பவில்லை.

"அக்கா, வெறகு எரிக்கறதே இல்லீங்களா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அட, நீங்க இன்னும் இருக்கறீங்களா? வெறகு நோம்பிக்குங்க. கண்ணாலங்காச்சி, எழவு, ஒறம்பரைன்னு ஆராச்சும் ஊட்டுக்கு வந்தா எரிக்கறது. தெனத்துக்கும் ஆரு வெறகு எரிப்பா? களத்துல தொட்டி கெடக்குதல்ல."

"தொட்டின்னு சொல்லவே இல்லீங்களே."

"நீங்க வெறகுன்னுதான கேட்டீங்க. தொட்டி குப்பைங்க கண்ணு. குப்பையப் போயி டெல்லிக்குச் சொல்லுவாங்களா?"

அடுத்த இரண்டு நாளில் மற்ற ஒன்பது வீட்டு அடுப்பங்கரையிலும் அப்படியே மாவு டின் பக்கமோ அரிசி மூட்டை பக்கமோ உட்கார்ந்து கூடைகளை எண்ணினேன். ஒரு கூடைத் தொட்டி என்ன எடை என்று மட்டும் கடைசியில் பார்த்துக்கொண்டேன். எரிவதில் முக்கால்வாசி தொட்டியும் மட்டையும்தான். கேஸ் டீ வைக்க. விறகு என்று பார்த்தால் பத்து வீட்டுக்கும் சேர்த்து ஆறு கிலோ. டேப்லெட்டில் தொட்டிக்குத் தனி இடமே இல்லை. 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் போட்டால், 'மற்றவை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது' என்று சிவப்பாகியது. சிவப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

கிருபாசங்கர் சார் நம்பவில்லை. "நானே வரேன்" என்றார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாரியாத்தாள் அக்கா வாசலில் காரிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ.

அக்கா ஓடிவந்தார். "வாங்க வாங்க, உள்ள வாங்க. சோறுண்டுபோட்டுத்தான் போகோணும்."

"இல்லைங்கம்மா, நீங்க எப்பவும் போல சமைங்க. நான் சும்மா பார்த்துட்டிருக்கேன்."

"எப்பவும் போலத்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா கோழியை எழுப்பிவிட்டு விறகை உருவினார். காளிச்சாமி அண்ணன் டெம்போவில் வந்து பின்பக்கத்தைத் திறந்தார். "ஒறம்பரை வந்த ஊட்டுல வெறகு பத்தலைன்னா ஊருக்கே மானக்கேடு" என்று வெள்வேலங்கட்டையாக இறக்கினார். அடுப்பு தகதகவென்று எரிந்தது. கிருபாசங்கர் சார் குனிந்து பார்த்தார், டேப்லெட்டில் விறகுக்கு நேராக விரலைக் கொண்டுபோனார்.

"பார்த்தீங்களா லோகப்பிரியா? சுத்தமான விறகு."

விரல் தொடுவதற்குள், "சார், நீங்க வந்ததாலதானுங்க எரியுது!" என்றேன். வெளியே டெம்போவில் இருந்த காளிச்சாமி அண்ணன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

கிருபாசங்கர் சார் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "அப்படிங்களாம்மா?"

அக்கா கூச்சத்தோடு சிரித்தார். "தொட்டிப் பொகை உங்க வெள்ளைச் சட்டைல கரியாப் படிஞ்சுருமுங்க. அதான்."

"அப்ப நான் எந்த வீட்டுக்குப் போனாலும்..."

"வெறகுதானுங்க சார் எரியும்" என்றேன்.

"கேமரா வெச்சுட்டுப் போனா?"

"கேமராவுக்கும் வெறகுதானுங்க சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சரி, உங்களுக்கு மட்டும் எப்படித் தொட்டி?"

அக்கா முந்திக்கொண்டார். "இந்தப் புள்ள இருக்கறதே தெரியாதுங்க. அன்னிக்கு ஊட்டைப் பூட்டிப்போட்டுக் களத்துக்குப் போயிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்து தொறந்தா, உள்ள உக்காந்துட்டிருக்குது!"

அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. காளிச்சாமி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு டெம்போவுக்குப் பின்னால் போனார். கிருபாசங்கர் சார் சிரிக்கவில்லை. என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போல நன்றாகப் பார்த்தார். பிறகு என் கணக்கைத் திறந்து, பத்து வீட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பொடக்காளிக்குப் போய்த் தொட்டிக் குவியலைக் காலால் கிளறினார். வந்து ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஆமாங்க மேடம், மற்றவை எழுபத்தஞ்சு சதவீதம். இல்லைங்க, டைப்பிங் மிஸ்டேக் இல்லை... அந்தப் பத்து சதவீதத்தை எடுத்துருங்க. தொட்டிக்குத் தனிக் கட்டம் போடுங்க... எப்படித் தெரியுமா? மேடம், நானே நேர்ல வந்து அடுப்புக்கு முன்னால நின்னுட்டிருக்கேன். என் கண்ணு முன்னாலதான் தொட்டி எரியுது."

அவர் கண் முன்னால் வெள்வேலங்கட்டை படபடவென்று வெடித்து எரிந்துகொண்டிருந்தது. கோழிக்குழம்பு தளதளத்தது.

போனை வைத்துவிட்டு டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். "திங்கக்கெழமை முத்தூர். பத்து வீடு. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். போவீங்கல்ல?"

"போறேனுங்க சார்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, குனிந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் சொன்னேன்.