கதவோரப் பெஞ்சு

வந்திருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைப்பக்கம் நர்ஸம்மா; வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை, ஊர்க்குழுவின் தலைவர் பதவியும் விடவில்லை. அவருக்கு வலப்பக்கம் கடைக்காரர், எதிரே தையல்காரி. ஜன்னலோரம் டிராக்டர்காரர், சைக்கிள்கூட அவர் வண்டியை முந்திப் போகும் என்பதால் ஊரே அவரை 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடும். செயலாளர் மட்டும் மேசையில் இல்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெஞ்சு அவரே கொண்டுவந்த சட்டம். சம்பளமில்லாத குழுவுக்கு ஒழுங்காவது இருக்கட்டும் என்று எட்டு வருடத்துக்கு முன் எழுதிக் கொண்டுவந்து படித்தார்: யாருடைய சொந்த விஷயம் பேச்சுக்கு வருகிறதோ அவர் கதவோரம் போய் உட்கார வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்லலாம், கை தூக்கக் கூடாது. முதலில் அங்கே போய் உட்கார்ந்தவர் கடைக்காரர். கடை வாசலில் தெருவிளக்கு வைப்பது பற்றிய பேச்சு அது.

"ஒரு லைட்டுக்காக என்னை அங்க உட்கார வச்சீங்க. பெஞ்சு எப்படி இருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு கால் ஆடுது."

"அப்பவே ஆடுச்சு. அனுபவிக்கட்டும்னுதான் சொல்லாம விட்டேன்."

பேருந்து அலுவலகத்துக் கடிதத்தை நர்ஸம்மா படித்தார். பேருந்து இப்போது போல் பாலம் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போகலாம். இல்லையென்றால் பாலத்துக்கு முன்பே திரும்பி, கல்குவாரிக் குடியிருப்புக்குப் போகலாம். இரண்டுக்கும் நேரம் போதாது. ஊர்க்குழு சொல்வதே முடிவு. குவாரிப் பக்கமிருந்து பதினோரு பிள்ளைகள் லாரி ஓடும் ரோட்டில் பள்ளிக்கு நடக்கிறார்கள். பாலத்துக்கு அப்பால் ஒரு காலத்தில் ஒன்பது வீடுகளில் ஆள் இருந்தது. இப்போது செயலாளர் வீட்டில் மட்டும்தான்.

"கடைசி ஸ்டாப்ல எத்தனை பேர் ஏறுறாங்க?" என்று கேட்டார் நர்ஸம்மா.

கணக்கெடுக்கும் வேலையைப் போன கூட்டத்தில் செயலாளரிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு மாதம் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து நாள் தவறாமல் குறித்தார். நோட்டு என்ன சொல்லப்போகிறது என்பது முதல் நாளே தெரியும். மனைவி போய் மூன்று வருடம். மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாட்களில் அவரைத் தேடி வருவது காலையில் வாசலில் கேட்கும் இரண்டு ஹாரன் சத்தம்தான். ஐந்தாறு பேர் என்று சொன்னால் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் மர மில்லில் முப்பது வருடம் தடி அளந்து எழுதிய கை அது.

"ஒருத்தர்," என்றார்.

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸ் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலத்துல இருந்து உங்க வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் சார். உங்க முட்டி இருக்கிற இருப்புல..." என்று தையல்காரி இழுத்தாள்.

"முட்டி நோட்டுல இல்லம்மா."

கடைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எழுந்து வாங்க சார். சட்டமும் வேணாம், பெஞ்சும் வேணாம். எனக்கு பஸ் வேணும்னு இந்த மேசையில உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க என்ன கல்லா?"

செயலாளர் பாதி எழுந்துவிட்டார். வெளியே குவாரி லாரி ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. மறுபடி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரை எந்தப் பக்கம் எழுதட்டும்?"

பழைய வழிக்குக் கை தூக்கியது கடைக்காரர் ஒருவர்தான். நர்ஸம்மாவும் தையல்காரியும் குவாரிக்குத் தூக்கினார்கள். எக்ஸ்பிரஸ் கை எப்போதும் போல் மெல்ல எழுந்து அவர்களோடு சேர்ந்தது.

"நான் டிராக்டர்ல கொண்டுவந்து விடறேண்ணே," என்றார் அவர், கையை இறக்காமலே.

"இன்னிக்குக் கிளம்பினா அடுத்த கூட்டத்துக்குள்ள வீடு போய்ச் சேரலாம்," என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். பிறகு அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்ப, அறை அவருக்கு மிச்சமானது. சாவி அவரிடம்தான். மேசைக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தார். 'கடைசி நிறுத்தத்தில் குறிப்பிடும்படியாகப் பயணிகள் எவரும் இல்லை' என்று வழக்கமான நடையில் எழுதிவிட்டு, அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தார். 'கடைசி நிறுத்தத்தில் ஒரு பயணி இருக்கிறார். ஆயினும் குழு கேட்டுக்கொள்வதாவது...'

உறையின் ஓரம் முழுக்கப் பசை தடவி ஒட்டி, கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தினார்.

ஊரில் தபால் பெட்டி இல்லை. கடிதங்கள் டிரைவர் கையில்தான் டவுனுக்குப் போகும். மாலைப் பேருந்து பாலம் தாண்டியபோது உள்ளே அவர் ஒருவர்தான். இறங்கி, முன்பக்கம் சுற்றி வந்து, ஜன்னல் வழியாக உறையை நீட்டினார். டிரைவர் முகவரியைப் பார்த்தார்.

"நம்ம ஆபீஸுக்கா? தபால்ல எதுக்கு சார், நானே கையில கொடுத்துடறேன்."

"கொடுத்துடுங்க தம்பி."

"காலையில வழக்கமான நேரம்தானே?"

"வழக்கமான நேரம்தான்."

டிரைவர் உறையைக் கண்ணாடி ஓரத்தில் செருகிக்கொண்டார். வண்டி பின்னால் போய், முன்னால் வந்து, ஆளில்லாத வீடுகளின் வாசலில் தூசியைக் கிளப்பித் திரும்பியது. பாலத்தின் மேல் ஏறும்போது, பழக்கத்தில், இரண்டு முறை ஹாரன் அடித்தது. கண்ணாடி ஓரம் வெள்ளையாகத் தெரிகிறதா என்று செயலாளர் பார்த்துக்கொண்டே நின்றார்.