அக்குளில் ஒன்று, பாதத்தில் ஒன்று

காலையில் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டரை என்றது. காயத்ரிக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு நாளாகப் புருஷன் குமரகுரு அனலாய்க் கொதித்துக் கிடந்ததில் அவள் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. போர்வையை இழுத்துவிடும்போது அவன் பாதம் சில்லென்று கையில் பட்டது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. ஈரம் கசியும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்தே பொழுதைக் கழிக்கிறவன். கல்யாணமான நாள் முதல் அவன் கால் அப்படித்தான். அந்த நெசவாளர் தெருவில் எவன் காலைத் தொட்டாலும் அப்படித்தான்.

"ஜுரம் விட்டுடுச்சிங்க."

"ரொம்ப அசதியா இருக்குதுமா. தூங்கறேன்."

அவளும் அங்கேயே தரையில் சாய்ந்து, அடித்துப் போட்டவள் போலத் தூங்கிப்போனாள்.

விழித்தபோது உச்சி வெயில். ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் அவளுடைய இயற்பியல் பேராசிரியர் ஆய்வேட்டின் முன்னுரையைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். வெப்பச் சமநிலையில் இல்லாத ஒன்றுக்கு வெப்பநிலை என்றால் என்ன அர்த்தம்? இந்த ஒரு கேள்வியோடு வருஷக்கணக்காக மாரடித்து அவளுக்கே வெறுத்துவிட்டது. இருந்தாலும் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டினாள்.

'சமநிலையில் இருப்பதை எங்கே அளந்தாலும் ஒரே எண்தான். சமநிலை குலைந்தால் இடத்துக்கு ஓர் எண். அப்போது ஒற்றை எண்ணை நம்பக்கூடாது. இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசமே உள்ளே நடப்பதைச் சொல்லும்.'

கை நின்றது. இந்த மனிதர் நாலு நாளாகக் குழியில் இறங்கவே இல்லையே! போர்வைக்குள் கிடக்கிற கால் எதற்குச் சில்லிட வேண்டும்?

ஓடிப்போய்த் தொட்டாள். அக்குள் வெதுவெதுவென்று இருந்தது. காலில் குளிர் முழங்கால் வரை ஏறியிருந்தது. கூப்பிட்டால் அவனுக்கு வாய் குழறியது. எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டும் ஷோயப்பைக் கத்திக் கூப்பிட்டாள்.

"ஷோயப் பாய், வண்டிய எடுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் சிவக்க நேரமானது.

"டெங்குமா. ஜுரம் விடறப்பதான் ஆபத்தே. பிரஷர் எறங்கிடுச்சி, கை காலுக்கு ரத்தம் போகல."

இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். காயத்ரி வேண்டாத சாமியில்லை. சாயங்காலம் டாக்டரம்மா மறுபடி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொழச்சிக்குனாரு. கால் சில்லுன்னு ஆன ஒடனே கூட்டினு வந்துட்ட பாரு, படிச்ச பொண்ணுமா நீ. மத்தவங்கன்னா ஜுரம் விட்டுடுச்சின்னு தூங்கிடுவாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. குனிந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் தூங்கிட்டேன் டாக்டர்" என்று அவள் சொன்னபோது, டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார்.